மீள்பார்வை வாரம்

பள்ளியின் வாசல் பலகையில் பச்சை விளக்கில் 61 என்று எரிந்தது. அதற்குக் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், 'முழு முத்திரை பெற்ற பள்ளி'. அளவை வாரியத்தின் அளவர் பிரிசில்லா அதைத் தாண்டி உள்ளே போனபோது வராந்தாவில் வெல்ல வாடை அடித்தது. வெல்லம் மட்டுமல்ல. அதற்கு அடியில் வேறொன்று, வெயிலில் கிடந்த ரப்பர் போல. அவளுக்குக் குமட்டியது. பாயசம் என்றாலே அவளுக்கு ஆகாது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குடித்து ஒரு நாளும் உடம்புக்கு வந்ததாக நினைவில்லை.

ஜூன் அளவை. ஒன்பதாம் வகுப்பு. நாற்பத்தொரு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பிரிசில்லா அறிமானியின் பட்டையை முதல் தலையில் மாட்டினாள்.

அறிமானி கேள்வி கேட்காது. காதருகே சொற்களையும் கணக்குகளையும் வேகமாகக் கிசுகிசுக்கும். தெரிந்த ஒன்றைக் கேட்டால் மூளை தானாக ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளலை அது எண்ணும். ஒரு துள்ளல், ஓர் அறிகை. ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதை ஏமாற்ற முடியாது. பிட்டு கொண்டுபோக முடியாது, பக்கத்துத் தாளைப் பார்க்க முடியாது, வாத்தியார் ஜன்னல் வழியாக விடை சொல்ல முடியாது. தெரியாதவன் தெரிந்ததுபோல் நடிக்கவும் முடியாது, தெரிந்தவன் தெரியாததுபோல் நடிக்கவும் முடியாது. அது வந்த அன்றோடு தேர்வுகள் ஒழிந்தன.

முதலில் அறிகையை அப்படியே வாசல் பலகைகளில் போட்டார்கள். நகரத்துப் பள்ளிகளில் ஆயிரத்து ஐந்நூறு, கரிசல் காட்டுப் பள்ளிகளில் நானூறு. ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்களிடம் வெறும் பையோடு வருகிற பிள்ளைக்கும் வீட்டில் நூலகம் வைத்திருக்கிற பிள்ளைக்கும் ஒரே பலகையா, நாங்கள் எவ்வளவு சேர்த்தோம் என்று பாருங்கள் என்றார்கள். நியாயமான பேச்சு. அளவை வாரியம் ஏற்றுக்கொண்டது. ஜூனில் ஒரு முறை அளப்பது, மார்ச்சில் ஒரு முறை அளப்பது, நூற்றுக்கு எத்தனை கூடியது என்பதை மட்டும் பலகையில் போடுவது. அதற்கு ஏற்றம் என்று பெயர். இது நடந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்றைக்குக் கை தட்டியவர்களில் பிரிசில்லாவும் ஒருத்தி. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

"நூத்தித் தொண்ணூத்தெட்டு. அடுத்த ஆளு."

இருநூற்று நான்கு. இருநூற்று ஒன்று. நூற்றுத் தொண்ணூற்றேழு. வகுப்பில் முதலாவது என்று சொல்லி முன்னால் தள்ளிய பெண்ணுக்கு இருநூற்று இரண்டு. முந்தின நாள் இரண்டாம் வகுப்பிலும் ஏறக்குறைய இதே எண்கள்தான். விடுமுறையில் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், ஜூன் எண் தாழ்வாகவே இருக்கும் என்று கையேட்டில் எழுதியிருந்தது. பழைய எண்களை அளவர்கள் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஓரவஞ்சனை வந்துவிடும் என்றும் எழுதியிருந்தது. பிரிசில்லா கையேட்டை நம்பிப் பிழைக்கிறவள்.

"லீவுல என்னடா பண்ணின?" என்று ஒருவனைக் கேட்டாள்.

"தெரியல மிஸ்," என்று சிரித்தான். வாய் முழுக்கச் சிரிப்பு. உதட்டோரத்தில் வெல்லப்பாகு காய்ந்திருந்தது. அதில் ஓர் ஈ உட்கார்ந்து எழுந்தது. அவன் விரட்டவில்லை.

கடைசியாக வந்த பெண் ஒல்லியாக, நெற்றியில் வியர்வையோடு வந்து உட்கார்ந்தாள். பெயர் சந்தனமாரி. பட்டை ஒன்றரை நிமிடத்தில் நிற்கவில்லை. மூன்று நிமிடம் ஓடியது. நான்கு.

"ஏ, திக்கி மிசின உடைச்சிட்டாடோய்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது.

ஆயிரத்து முந்நூற்று நாற்பது.

பிரிசில்லா பட்டையைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். ஆயிரத்து முந்நூற்று நாற்பது.

"பழுது மேடம், பழுது." தலைமையாசிரியர் உமையொருபாகம் விரைந்து வந்தார். முப்பத்தாறு வயது. இதே பள்ளியில் படித்து, ஆறு முறை மாவட்ட ஏற்றத்தில் முதலாவதாக வந்து, அந்தத் தகுதியிலேயே இந்த நாற்காலிக்கு வந்தவர். "இந்தப் புள்ளய நீங்க கணக்குலயே எடுக்க வேண்டாம். நாளைக்கு டி.சி. குடுத்துடறோம்."

"எதுக்கு டி.சி.?"

"போன வருசம் இதோட ஏற்றம் என்னன்னு நெனைக்கிறீங்க? பன்னெண்டு. புது விதி வந்துருச்சு இல்லையா, இருவதுக்குக் கீழ ஒரே ஒரு ஆள் இருந்தாலும் போதும், மொத்தப் பள்ளிக்கும் முத்திரை போயிரும். நானூறு புள்ளைங்க உசிரக் குடுத்து ஏறுது. இது ஒண்ணு இழுத்துட்டுப் போகுது."

பிரிசில்லா மனத்துக்குள் கணக்குப் போட்டாள். பன்னிரண்டு என்றால் இந்தப் பெண் போன ஆண்டு ஆயிரத்து இருநூறில் தொடங்கி நூற்று நாற்பது சேர்த்திருக்கிறாள். முதலாவது வந்த பெண் இருநூறில் தொடங்கி அறுபது விழுக்காடு ஏறியிருந்தாலும் சேர்த்தது நூற்று இருபதுதான். அதிகம் கற்றவள் பன்னிரண்டு. குறைவாகக் கற்றவள் அறுபது. அது போகட்டும். சேர்த்த அந்த நூற்று இருபது இப்போது எங்கே? விடுமுறை மறதி என்றால் பத்து போகும், இருபது போகும். ஒன்றுகூட மிச்சமில்லாமல், நாற்பது தலையிலிருந்தும் ஒரே அளவாகப் போகுமா?

"நீங்க வெளிய இருங்க சார்," என்றாள். "நான் இந்தப் பிள்ளையோட தனியாப் பேசணும்."

வகுப்பு காலியானதும் சந்தனமாரி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரும்மா. உனக்கு மட்டும் எப்படி இவ்வளவு தெரியுது?"

"பு-புக்கு படிப்பேன். எல்லாருக்கும் குடுப்பாங்க. யா-யாரும் பிரிக்க மாட்டாங்க."

"சரி. அவங்களும் வகுப்புல படிச்சாங்க இல்ல? அது எங்க போச்சு?"

பெண் அவளை வினோதமாகப் பார்த்தாள். தெரிந்த பாடத்தையே டீச்சர் திரும்பக் கேட்கும்போது பிள்ளைகள் பார்க்கும் பார்வை.

"மீ-மீள்பார்வை வாரத்துல போயிரும். பாயசம் குடுப்பாங்க. குடிச்சிட்டு எல்லாரும் சே-சேந்து சத்தமாச் சொல்லணும். வாய்ப்பாடு, செய்யுளு, எல்லாம். எனக்குத் தி-திக்கும். சிரிப்பாங்க. அதனால வாய மட்டும் அசைப்பேன். சத்தம் வராது."

"அசைச்சா?"

"எனக்குப் போ-போகாது."

பிரிசில்லா பேனாவை எடுத்தாள். "இத நான் வாரியத்துக்கு எழுதுவேன். பயப்படாத."

"போன வருசமும் இ-இப்படித்தான் சொன்னீங்க."

"நானா? அது வேற அம்மாவா இருக்கும். எல்லா அளவருக்கும் ஒரே சாம்பல் கோட்டுதான்."

"நீங்கதான்," என்றாள் சந்தனமாரி. பிரிசில்லா மறுத்துத் தலையசைத்ததும் தரையைப் பார்த்தாள். "டி.சி. குடுத்தா ஏத்தம் கொறஞ்சவங்கள சேக்கற தே-தேக்கப் பள்ளிக்கு நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் போணும். ப-பஸ் இல்ல. அம்மா சொல்லிட்டா, அவகூட சூரியத் தகடு கழுவ வரச் சொல்லி. ஒ-ஒம்பதாங்கிளாஸ் புக்கு இன்னும் கைக்கு வரல. அத மட்டுமாவது வாங்கிக் குடுங்க."

வெளியே வந்தபோது ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவிலிருந்து கூட்டுக் குரல் கேட்டது. மறுநாள் அளக்க வேண்டிய பிரிவு. பிரிசில்லா ஜன்னலோரம் போய் நின்றாள்.

டெஸ்கின் மேல் காலித் தம்ளர்கள். ஆசிரியை டஸ்டரால் மேசையைத் தட்டித் தாளம் போட, ஐம்பது பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு ஓங்கிக் கத்தினார்கள். "ஆறு பதினாறு தொண்ணூத்தாறு! ஏழு பதினாறு நூத்திப் பன்னெண்டு! எட்டுப் பதினாறு நூத்தி இருவத்தெட்டு!" கணீரென்ற குரல்கள். முடித்ததும் ஆசிரியை, "மறுபடியும்," என்றாள். இரண்டாம் முறை ஏழில் குரல்கள் கலைந்தன. சிலர் நூற்றுப் பத்து என்றார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். "மறுபடியும்." மூன்றாம் முறை, "ஏழு பதினாறு..." என்று ஐம்பது வாயும் திறந்தன. திறந்தபடியே நின்றன. ஒன்றும் வரவில்லை. ஆசிரியை திருப்தியாகத் தலையாட்டி ஒரு தாளில் டிக் அடித்தாள். பிள்ளைகள் கலகலவென்று சிரித்தார்கள்.

அடுத்து செய்யுள். அடுத்து நுரையீரலின் பாகங்கள். ஒவ்வொன்றும் மூன்று முறை. அறுத்த பன்றியின் குடலைக் கழுவுவார்களே, அந்த ஒழுங்கோடு வேலை நடந்தது.

"பாத்துட்டீங்களா," என்றார் உமையொருபாகம் பின்னாலிருந்து. குரலில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. "ஒவ்வொரு தடவயும் உங்களுக்கு மூஞ்சி இதே மாதிரிதான் போகுது மேடம்."

அளவர்களைப் பொதுவாகச் சொல்கிறார் என்று நினைத்தாள். "பாயசத்துல என்ன?"

"இளக்கி. விசம் ஒண்ணும் இல்ல."

இளக்கியை அவள் கேள்விப்பட்டிருந்தாள். பெருவெள்ளத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்காகக் கண்டுபிடித்த மருந்து. குடித்த அரை மணிக்குள் எதை வாய்விட்டுச் சொல்கிறோமோ அந்த நினைவு இளகி, சொல்லச் சொல்லக் கரைந்துபோகும். மனத்தில் ஓடுவது தப்பிக்கும். நாக்கும் காதும் சேர்ந்து இழுத்து வெளியே போடுவதுதான் போகும். தாய்மார்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுது, அழுகை நின்று, எதற்கு அழுதோம் என்று தெரியாமல் எழுந்து போனார்கள். அந்த மருந்தை வாய்ப்பாட்டுக்கு ஊற்றியிருக்கிறார்கள்.

"மார்ச் எண்ண ஏத்தறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா மேடம்?" என்றார் அவர். "மண்டையில ஏறாது. வீட்ல வேல இருக்கும், பசி இருக்கும். ஜூன் எண்ண எறக்கறது ஒரு வாரம். நீங்க ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதத்தானே கேக்கறீங்க? அதக் குடுக்கறோம்."

"பத்து வருசம் படிச்சிட்டு ரெண்டாங்கிளாஸ் அறிவோட வெளிய போறான். அது உங்களுக்கு அசிங்கமா இல்ல?"

"நானும் குடிச்சு வளந்தவன்தான். எனக்கு என்ன கொற?"

பிரிசில்லா அவரைப் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை. பையில் ஆறு தங்க நிற வில்லைகள். உண்மையாகவே கேட்கிறார்.

"எங்க பள்ளிக்கூடம் மட்டுமா?" என்று அவரே தொடர்ந்தார். "பச்ச விளக்கு எரியற எந்த வாசல்ல வேணாப் போய் மோந்து பாருங்க."

அன்றே அவள் சந்தனமாரியின் மாற்றுச் சான்றிதழை நிறுத்திவைத்தாள். அளவருக்கு அந்த அதிகாரம் உண்டு, வாரியத்தின் குறைதீர் அமர்வு வரை, பதினைந்து நாட்கள். பிறகு புகாரை எழுதினாள். புகார்களைக் கைப்பட எழுத வேண்டும் என்பது வாரியத்தின் விதி. அப்படி வைத்தால் நிறைய வராது. ஐந்து பக்கம் எழுதினாள். 'இந்தக் கொடுமை முதன்முறையாக என் கவனத்துக்கு வந்துள்ளது' என்று தொடங்கினாள்.

அமர்வு ஜூன் கடைசி நாள் பிற்பகல், வாரியத்தின் தலைமையகத்தில். வாரியத்துக்கும் ஒரு வாசல் பலகை உண்டு. ஊரையெல்லாம் அளக்கிறாயே, உன்னை யார் அளப்பது என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். சட்டத்திலேயே வழி செய்துவிட்டார்கள். அமர்வு முடிந்ததும் எல்லா அலுவலர் தலையிலும் அறிமானி மாட்டப்படும். அது அந்த ஆண்டின் புகார்களைக் காதில் கிசுகிசுக்கும்; இன்னும் தீராதது என்று மூளை துள்ளினால் அது நிலுவை. கோப்பில் 'தீர்ந்தது' என்று யாரும் எழுதிவிடலாம். மனத்தில் ஒரு குறையும் மீதி இருக்கக் கூடாது. ஒரே ஓர் அலுவலரிடம் நிலுவை இருந்தாலும் வாரியத்தின் முத்திரை போய்விடும். முத்திரை இழந்த நிறுவனம் அந்த ஆண்டு கொடுத்த எண்களும் அவற்றை வைத்துச் செய்த நடவடிக்கைகளும் செல்லாது. பள்ளிகளுக்கு எழுதிய அதே விதி. இருபத்தெட்டு ஆண்டுகளாக வாரியத்தின் பலகையில் 100 என்று எரிகிறது.

நீளமான மேசையைச் சுற்றி முப்பது அளவர்கள். தலைமாட்டில் உறுப்பினர் செயலர் நித்திலா, சுறுசுறுப்பான இளம்பெண். ஊழியர்கள் எவர்சில்வர் தம்ளர்களை வைத்துக்கொண்டே போனார்கள்.

"வருசத்துக்கு ஒரு தடவ சந்திக்கிறோம்," என்றாள் நித்திலா. "இனிப்போட தொடங்குவோம். குடிச்சு முடிச்சவங்க தம்ளரக் கவுத்து வைங்க. மரபு."

பிரிசில்லா எரிச்சலோடு மூக்கைப் பொத்தி ஒரே மூச்சில் குடித்துத் தம்ளரைக் கவிழ்த்தாள். பாயசம் ஆகாது என்று சபையில் சொல்ல வெட்கம். தொண்டையிலிருந்து வாடை மேலேறியபோதுதான் புரிந்தது. வெல்லத்துக்கு அடியில், வெயிலில் கிடந்த ரப்பர்.

பக்கத்திலிருந்த அளவர், மதுரைப் பக்கத்துக்காரர் சிங்கராயர், உதட்டைத் துடைத்துக்கொண்டு, "முந்திரி கம்மி," என்றார்.

புகார்க் கோப்பு ஆளுக்கொரு படியாக வந்தது. இந்த ஆண்டு ஒரே ஒரு புகார். அவளுடையது. அதன் தலையில், எந்த அரசுக் கடிதத்திலும் இருப்பதுபோல், 'பார்வை' என்று போட்டு அதே பொருள் பற்றிய பழைய கடிதங்களை யாரோ ஓர் எழுத்தர் கடமையாக வரிசைப்படுத்தி, அவற்றையும் பின்னால் கோத்திருந்தார். பார்வை ஒன்று முதல் ஆறு வரை. ஆறு ஆண்டுகள், ஆறு கடிதங்கள். பிரிசில்லா புரட்டினாள்.

ஆறும் அவள் கையெழுத்து.

'இந்தக் கொடுமை முதன்முறையாக என் கவனத்துக்கு வந்துள்ளது.' ஆறிலும் அதே முதல் வரி. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் சந்தனமாரியின் பெயர் இருந்தது. ஆறாவதில், 'அந்தச் சிறுமிக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்' என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தாள். எல்லாவற்றின் மேலும் சிவப்பு முத்திரை. தீர்ந்தது. தீர்ந்தது. தீர்ந்தது.

ஆறு தம்ளர் குடித்திருக்கிறாள். ஆறு முறை பல்லிளித்துக்கொண்டு இந்த அறையை விட்டுப் போயிருக்கிறாள். அந்தப் பிள்ளைகளின் வாயைப் பார்த்து அருவருப்பு வந்ததே, அது அவள் வாயும்தான்.

"பதிவுக்காக எல்லாரும் ஒரே குரல்ல வாசிப்போம்," என்றாள் நித்திலா. "மூணு முறை."

முப்பது வாய்கள் திறந்தன. 'ஆறாம் வகுப்பு ஆ பிரிவில் நான் கண்டது...' நல்ல, படித்த, கம்பீரமான குரல்கள். பிரிசில்லாவின் உதடுகளும் அசைந்தன. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் எப்படி அசைத்திருப்பாளோ அப்படி. சத்தம் வரவில்லை. முதல் முறை சிங்கராயர் வாசிக்கும்போது அவர் குரல் தழுதழுத்தது, கண் கலங்கியது. இரண்டாம் முறை கண் காய்ந்தது. மூன்றாம் முறை பாதியில் அறையே மௌனமானது. ஒருவர் தாளைத் திருப்பிப் பார்த்து, "இது என்ன கடுதாசி?" என்றார். சிரிப்பு. ஊழியர்கள் கோப்புகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

"குறை ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள் நித்திலா.

"இல்லை!" என்று ஒரே குரல்.

பட்டை வந்தது. நிலுவை பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பிரிசில்லாவின் தலையில் கீச்சென்றது. நிலுவை, ஒன்று.

யாருக்கும் அந்தச் சத்தம் பழக்கமில்லை. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு நித்திலா விதிப்புத்தகத்தை எடுத்துத் தேடி, கண்டுபிடித்து, விரல் வைத்து வாசித்தாள். "நிலுவை காட்டும் அலுவலருக்கு இன்னொரு தம்ளர் கொடுத்துத் தனியே வாசிக்கச் செய்க." நிமிர்ந்தாள். "ஏன்னு எழுதல. ஆனா சுலபம்தான் மேடம். அஞ்சு மணிக்குப் பலகை மாறிரும். இன்னும் இருவது நிமிசம்."

"அதுல என்ன கலந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஏலக்காய்?"

நடிக்கவில்லை. அவளும் குடித்தவள், வாசித்தவள். பிரிசில்லாவுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. சதி செய்கிறவர் என்று இந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. சமையலறையில் ஒரு பழைய உத்தரவு இருக்கிறது, ஆண்டுதோறும், இவ்வளவு லிட்டர் என்று. அவ்வளவுதான். யார் சட்டையைப் பிடித்து உலுக்குவது?

பதினைந்து நிமிடம் இருந்தபோது நித்திலா இறங்கி வந்தாள். "உங்க குறை என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா தீத்து வைக்கிறேன். என்ன வேணும்? எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். போட்டதும் குடிச்சிடுங்க."

பிரிசில்லா தாளை வாங்கி எழுதினாள். சந்தனமாரியின் மாற்றுச் சான்றிதழ் ரத்து. நித்திலா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். தம்ளரை நகர்த்தினாள். மேலே ஆடை படிந்திருந்தது.

தாள் கையில் இருந்தது. குடித்தால் அந்தப் பெண் இந்த ஆண்டு தப்பிப்பாள், பிரிசில்லா வேலையில் இருப்பாள். அடுத்த ஜூனில் அவள் ஆயிரத்து ஐந்நூறோடு வருவாள், ஏற்றம் இன்னும் தாழும், மறுபடி டி.சி. எழுதுவார்கள். வராந்தாவில் வெல்ல வாடை அடிக்கும். தனக்கு ஏன் குமட்டுகிறது என்று தெரியாமல் ஒருத்தி உள்ளே போவாள். பார்வை ஏழு.

"வேண்டாம்," என்றாள்.

"மேடம், இருவத்தெட்டு வருச முத்திரை!"

"குடிக்க மாட்டேன்."

நித்திலா கெஞ்சினாள், பிறகு மிரட்டினாள், பிறகு ஊழியர்களைக் கூப்பிட்டாள். வாயைத் திறந்து ஊற்றலாம். வாசிக்க வைக்க முடியாது. பிரிசில்லா பல்லைக் கடித்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்கு வெளியே பலகையின் பச்சை சிவந்தது. சில நொடிகளில், விதிப்படி, மாநிலம் முழுக்க எல்லாப் பள்ளி வாசல்களிலும் பலகைகள் அணைந்தன. எந்த எண்ணும் செல்லாது. எந்த டி.சி.யும் செல்லாது. கையிலிருந்த தாளுக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. அவள் அதை மடித்துக் கவிழ்த்த தம்ளருக்கு அடியில் வைத்தாள். நித்திலா அழுதாள். ஐந்தே காலுக்குப் பிரிசில்லாவைப் பணிநீக்கம் செய்த உத்தரவு வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. உமையொருபாகம். பின்னால் பெரிய இரைச்சல்.

"மேடம், உங்க எண்ணு மட்டும்தான் எங்கிட்ட இருக்கு. பலக அணைஞ்சு கெடக்கு. பெத்தவங்க எல்லாம் வாசல்ல நிக்கறாங்க. எம்புள்ள தேறுதா இல்லையான்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு சண்டைக்கு வர்றாங்க. ஒருத்தர் கல்லெடுத்துட்டார்."

"பிள்ளையக் கேட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"என்னன்னு கேக்கறது?"

"எதையாவது. ஏழு பதினாறு எவ்வளவுன்னு கேக்கச் சொல்லுங்க."

அவர் வாயை அப்புறம் திருப்பிக் கத்துவது கேட்டது. இரைச்சல் மெல்ல அடங்கியது. பிறகு எங்கோ தூரத்தில் ஒரு பெண்ணின் குரல். ஒரு முறை திக்கியது, மறுபடி திக்கியது, பிறகு சொல்லி முடித்தது.

"அந்தத் திக்கிப் புள்ள மட்டும் ஏதோ சொல்லுது மேடம்," என்றார் உமையொருபாகம். "நூத்திப் பன்னெண்டாம்."

"சரி. அப்புறம்?"

"இல்ல..." அவர் குரலைத் தணித்தார். "இங்க பெத்தவங்க முந்நூறு பேரு நிக்கறாங்க. எல்லாம் நம்ம பள்ளிக்கூடத்துல படிச்சவங்கதான். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறாங்க. வாத்தியார்மாரும் அப்படித்தான். எல்லாரும் அந்தப் பலகையவே அண்ணாந்து பாத்துட்டு நிக்கறாங்க." பிறகுதான் கேட்டார். "அந்த நூத்திப் பன்னெண்டு சரிதானா மேடம்?"

"சரிதான்," என்றாள் பிரிசில்லா.

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது.

"அத எழுத்துல குடுப்பீங்களா மேடம்? முத்திரையோட?"